பதிலுக்குப் போன வீடு

இன்று காலை அடிப்பிடித்த பால் பாத்திரம் ஒன்றைத் தேய்த்தேன். தேய்த்தேன் என்பது முக்கால் உண்மை. உள்பக்கத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, வெளியே அடியில் இருந்த பழுப்பு வளையத்தை அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும். கை தானாக நின்றது. பால் தீய்ந்த வாடை ஜன்னல் வழியே போகாமல் சமையலறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வாடையில் உன் ஞாபகம் வந்தது. வராமல் எங்கே போகும்? இந்த வளையத்தை எடுக்கக் கூடாது என்று என் தலையில் குட்டிச் சொன்னவள் நீதானே.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உனக்கு மடல் எழுதுவதில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச மாட்டாய். இருந்த நாளில் உன்னிடம் ஒரு வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லி முடித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் இன்று போனது என் வீட்டுக்கு இல்லை. நம் ஆட்கள் வேலை செய்யும் வீட்டைத்தான் 'என் வீடு' என்போம். சொந்த வீட்டுக்குக் குப்பத்து வீடு என்று பெயர். இது கலாவின் வீடு. உன் பின்வீட்டுக் கலாதான். மகளுக்குப் பிரசவம் என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளுக்குப் பதிலாக நான் போகிறேன். அதே அடையாறு ஃப்ளாட்ஸ், அதே கேட், நாலாவது மாடி. கலாவுக்கு முன்னால் அது யாருடைய வீடு என்று உனக்குத் தெரியும். உன்னுடையது. அந்த வீட்டு அம்மா இன்று என்னிடம் உன்னைப் பற்றி ஒன்று கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த முறையாவது பொறுமையாகக் கேள்.

நம் வேலையில் காய்ச்சல், கல்யாணம், சாவு எது வந்தாலும் நாம் லீவு கேட்பதில்லை, ஆள் அனுப்புவோம். போகிறவள் பதிலுக்குப் போகிறாள். போன வீட்டை அவள் பத்திரமாகத் திருப்பித் தந்தாக வேண்டும். அதற்காகவே வேலை கொஞ்சம் மட்டமாக இருக்க வேண்டும். ரொம்ப மட்டமாக இருந்தால் ஏச்சு விழும். ரொம்ப நன்றாக இருந்தால் வீட்டுக்கார அம்மா பழையவளை மறந்துபோவார். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். "பதிலுக்குப் போனா பாத்திரம் பளபளன்னு சிரிக்கக் கூடாதுடி. 'அவ எப்ப வருவா'ன்னு அந்தம்மா கேக்கணும். கேட்டாத்தான் நீ ஒயுங்கா வேலை செஞ்சேன்னு அர்த்தம்" என்பாய்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் இது தெரியாமல் மாட்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். பதிலுக்குப் போன வீட்டில் எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளினாள். மின்விசிறியைக்கூட விடவில்லை. அந்த அம்மா அசந்துபோய், 'இனிமே நீயே வா' என்று சொல்லிவிட்டார். பழைய ஆளுக்கு வீடு போயிற்று. புதுப்பெண்ணுக்கோ தெருவில் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவே இல்லை, பாவம். நன்றாக வேலை செய்ததற்கு ஊரே கோபித்துக்கொண்டால் யாருக்குத்தான் புரியும்? நீதான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாய். "நாளைக்குப் போயி இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு சொல்லு. சொல்லிட்டு ரெண்டு நாளு சாய்ஞ்சி சாய்ஞ்சி நட." அவளும் அப்படியே நடந்தாள். பழைய ஆளுக்கு வீடு திரும்ப வந்தது.

இதை எழுதுவதால் ரகசியம் வெளியே போகுமே என்று நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது. ஃப்ளாட்ஸ் அம்மா யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அது வேறு ஏதோ ஃப்ளாட்ஸ் என்று வைத்துக்கொள்ளட்டும்.

சங்கம் வந்த கதைக்கு வருகிறேன். வசந்தா தோழர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஞாயிறு மதியம் வேலை முடித்து நாம் திரும்பிய பிறகு, கரையில் ஏற்றிவைத்த படகுகளின் நிழலில் உட்கார்ந்து பேசுவோம். அவர் பேச்சில் அலங்காரம் இருக்காது. "வீட்டு வேலையும் வேலைதான். வேலை செய்யறவங்க ஒண்ணா சேர்ந்து சங்கம் வெச்சிக்கலாம். அதுக்கு வீட்டுக்காரங்க அனுமதி தேவையில்ல." இவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. காபி குடிக்க ஒரு தம்ளர் எடுப்பதற்குக்கூட அனுமதி கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் எனக்கு. அனுமதி தேவையில்லாத ஒரு காரியமும் உலகத்தில் இருக்கிறது என்பது புதுசாக இருந்தது. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

நீ சேரவில்லை. கூட்டத்துக்கு வருவாய், கேட்பாய், ஆனால் உட்கார மாட்டாய். படகில் சாய்ந்துகொண்டே நிற்பாய். தோழர் உட்காரச் சொன்னால், "உக்காந்தா மெம்பராக்கிடுவீங்க" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். உன் காரணம் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் அப்பா ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவர். வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றார். கடைசியில் யார் யாரோ கை குலுக்கிச் சமரசமானார்கள், முன்வரிசையில் நின்றவர்களை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அசோக் நகரில் ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தே அவர் காலம் முடிந்தது. "கொடி குடுத்தவன் கார்ல போனான், கொடி புடிச்சவன் கேட்ல உக்காந்தான்" என்று நீ ஒரே ஒரு முறை சொன்னாய். அதற்குமேல் நான் உன்னை வற்புறுத்தவில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் அடுத்தவர் எச்சில் தட்டில் கை வைக்கிறோம், வாரத்தில் ஒரு நாள் கை காயட்டும் என்றோம். ஃப்ளாட்ஸில் எங்கள் சார்பாக நான்தான் பேசினேன். வாய் இருக்கிற பிள்ளைதான் பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்ததால்தான் வம்பே வந்தது.

அசோசியேஷன் செகரட்ரி சாரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தாத மனிதர். எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். "ஸ்டெல்லா, நீங்கல்லாம் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. குடும்பத்துக்குள்ள சங்கம் எதுக்கும்மா? இது என்ன ஃபேக்டரியா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சாயந்திரம் உன்னிடம் சொன்னபோது, மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாய்: "குடும்பத்துல ஒருத்தின்னா கேட்ல இன்னாத்துக்கு நம்பரு? அவரு பொண்டாட்டியும் நம்பர் போட்டுத்தான் உள்ள வருதா?" சங்கத்தில் சேராத வாயிலிருந்து வந்த பேச்சு அது. தோழர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்.

மறுநாள் காலை கேட்டில், வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த நம்பரில் என்னுடையதைச் சொன்னேன். வாட்ச்மேன் போனில் தட்டினான். "அக்கா, செவப்பு காட்டுது. உள்ள உட வாணாம்னு கீது" என்றான். அவனுக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். இரண்டு வீடு எனக்கு அங்கே. கீழ்த்தளத்தில் மாமி வீடு, இரண்டாவது மாடியில் டாக்டர் மேடம் வீடு. இரண்டு வீட்டிலும் பாத்திரம் அப்படியே கிடக்கும் என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது. பிறகுதான் என் வயிறு ஞாபகம் வந்தது. சங்கத்தில் சேர்ந்த மற்றவர்களுக்குப் பச்சை காட்டியது. எனக்கு மட்டும் சிவப்பு. ஒருத்தியை வெளியே நிறுத்தினால் மற்றவர்கள் தானாக அடங்குவார்கள் என்ற கணக்கு.

அவர்கள் போட்ட கணக்கில் நம் வழக்கம் இல்லை. ஒருத்தியை நிறுத்திவிட்டால், 'நீ போ' என்று அவளே சொல்லும்வரை அந்த வீட்டில் வேறு யாரும் கால் வைக்க மாட்டோம். சங்கம் வருவதற்கு முன்பிருந்தே அது அப்படித்தான். மாமி வீட்டுக்கும் மேடம் வீட்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஏஜென்சியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுடைய ஒப்பந்தத்திலேயே ஞாயிறு விடுமுறை இருந்ததாம். அவளை அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அப்புறம்தான் செகரட்ரி சார் உன்னைக் கூப்பிட்டார். கூட்டத்தில் உட்காராதவள் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். 'ஸ்டெல்லா வீடு ரெண்டையும் நீ பார்த்துக்கிறியா' என்றார். நீ சரி என்றாய்.

குப்பம் கொதித்தது. படகு நிழல் கூட்டத்தில் வசந்தா தோழர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். கருங்காலி. போராடுகிறவன் வேலையில் போய் உட்காருகிறவனுக்குச் சங்கத்துக்காரர்கள் வைத்த பெயர். அதைவிடக் கேவலமான வசவு அவர்களிடம் இல்லை. கலா மண்ணை வாரித் தூற்றினாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் நான் மனமுடைந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது நமக்குத்தான் தெரியும். முந்தின நாள் சாயந்திரமே நீ வந்து கதவைச் சாத்திவிட்டு, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாயே.

"தோ பார், அந்த மாமிக்கு எது மேல உசுரு?"

"டபரா செட்டு. பித்தளை. மயிலாப்பூர் வீட்லருந்து எடுத்தாந்ததாம்."

"டாக்டரம்மாவுக்கு?"

"இட்லி குண்டான். அத்த நா தேய்ச்சி வெச்சா அதுல மூஞ்சி பாப்பாங்க. இன்னாத்துக்குடி கேக்கற?"

"நா பதிலுக்குப் போறேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் கையைப் பிடித்தேன். நீ உதறிவிட்டாய். "அழுது கிழுது தொலைக்காத. நா சங்கத்துக்காகப் போல. சங்கம் நாஸ்தியா போவட்டும். உன் வூட்ட எவளும் எடுக்கக் கூடாது, அவ்ளோதான்." எழுந்து கதவருகில் போனவள் திரும்பி வந்து ஒன்று சொன்னாய். "எவ என்னைப் பத்திக் கேட்டாலும் நீ திட்டணும். நாக்க புடுங்கிக்கிற மாரி திட்டு. நீ திட்டலன்னா சந்தேகம் வந்துரும். எப்ப கேட்டாலும் திட்டு."

அதன்பிறகு நடந்ததை நீ சொல்லிக் கேட்டதும், மாமி சொல்லிக் கேட்டதும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. நீ உடைக்கவில்லை, திருடவில்லை, நேரம் தவறவில்லை. யாரும் உன்னை வெளியே போ என்று சொல்ல ஒரு காரணமும் தரவில்லை. டபராவில் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு விரல் அளவுக்கு விட்டாய். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இட்லிக் குண்டானின் விளிம்புக்கு அடியில் மாவு காய்ந்திருக்கும். பெருக்குவாய், ஆனால் சோபாவுக்கு அடியில் ஒரு வரி தூசி போகாமல் இருக்கும். மாமி கூப்பிட்டுக் காட்டினால், "ஐயோ மாமி, பாக்கலியே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக வருத்தப்பட்டு மறுபடி தேய்ப்பாய். மறுநாள் அதே பிசுக்கு.

மாமி எனக்குப் போன் போட்டார். "ஸ்டெல்லா, உன்னை நிக்கச் சொன்னது நான் இல்லைடிம்மா. எங்காத்துல யாரும் சொல்லலை. இவ என்னத்தைத் தேய்க்கறாளோ, டபராவைத் தொட்டா வழுக்கிண்டு போறது. நேக்கு காபியே இறங்கலை. நீ எப்போ வருவே?" என்றார். நீ எப்போ வருவே. அந்த வார்த்தையைக் கேட்டதும் உன் கை சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்று தெரிந்தது. "எவ மாமி இப்படிப் பண்றா? கலீஜ் புடிச்சவ, அவளப் போயி வெச்சீங்களே" என்று முதல் தடவையாக உன்னைத் திட்டினேன்.

டாக்டர் மேடம் போன் போடவில்லை. அவர் குண்டானைப் படம் பிடித்து ஃப்ளாட்ஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டார். மாவு காய்ந்த விளிம்பு பெரிதாகத் தெரியும்படி எடுத்த படம். கீழே உன் பெயர். அது ஒன்றைத்தான் நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கறையைச் சமையலறைக்குள் எவ்வளவு விட வேண்டும் என்று நமக்குத் தெரியும். அது படமாகி வீடு வீடாகப் போகும் என்பது நம் கணக்கில் இல்லை.

அந்த வாரமே செகரட்ரி சார் என்னைக் கேட்டுக்கு வரச் சொன்னார். "நம்பரை இப்பவே போட்டுடறேன். சங்கத்துல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. பேப்பர்லகூட வேண்டாம், வாயால சொன்னாப் போதும்" என்றார். எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் அரிசி டின் ஓசை எழுப்ப ஆரம்பித்திருந்தது. சாயந்திரம் உன்னிடம் வந்து சொன்னேன். சங்கத்தைப் பிடிக்காதவள், 'ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலை' என்பாய் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அந்த உத்தரவு தேவையாகவும் இருந்தது.

நீ என்னை முறைத்த முறைப்பு! "சொல்லிடுவியா? சொல்லித்தான் பாரேன். நா அந்தக் குண்டானக் கலீஜாத் தேய்க்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமாடி? கை போயிப் போயி தேய்ச்சிருது. புடிச்சி நிறுத்த வேண்டியதா கீது. நீ இப்ப வுட்டுட்டு வந்தா அத்தினியும் வேஸ்டு."

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அது கொள்கை என்று தோழர் கூட்டத்தில் பாராட்டினார். கொள்கையும் இல்லை ஒன்றும் இல்லை, உன் முறைப்புக்குப் பயந்தேன்.

முடித்துவைத்தது மாமிதான். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, "அவ சங்கத்துல இருந்தா இருந்துட்டுப் போறா. சங்கமா வந்து எங்காத்து டபராவைத் தேய்க்கப் போறது? நேக்கு ஸ்டெல்லா வேணும்" என்றாராம். டாக்டர் மேடமும் ஆமாம் போட்டிருக்கிறார். மறுநாள் வாட்ச்மேன் போனில் பச்சை காட்டியது. நிபந்தனை எதுவும் இல்லை. மாதம் இரண்டு ஞாயிறு என்று ஆரம்பித்து, இழுத்துப் பிடித்து, பிற்பாடு எல்லா ஞாயிறும் ஆனது. சங்கத்தில் இருக்கிறாயா என்று அந்தக் கேட்டில் அதன்பிறகு யாரையும் யாரும் கேட்கவில்லை. கெலித்தோம் என்று குப்பத்தில் கேசரி கிண்டினோம். நீ கேசரி வாங்கிக்கொண்டாய். அப்போதும் நின்றபடிதான்.

ஆனால் உன் சொந்த வீடுகள் அதே ஃப்ளாட்ஸில்தானே இருந்தன. குண்டான் படம் எல்லாப் போனிலும் இருந்தது. ஒவ்வொரு வீடாக உன்னை நிறுத்தினார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை, 'அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்' என்றார்கள். அந்த வீடுகளில் நீ எப்படித் தேய்ப்பாய் என்று அவர்களுக்குத் தெரியாதா? தினம் அந்தத் தட்டில்தானே சாப்பிட்டார்கள். கண்ணால் கண்டதைவிடக் குரூப்பில் வந்ததை நம்பினார்கள்.

நான் தோழரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் அன்றே உன் வீட்டுக்கு வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நீ சுவரோரம் நின்றாய். கூட்டத்திலேயே அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன், உறுப்பினர் அட்டையும் அங்கேயே தருகிறேன் என்றார்.

"கார்டெல்லாம் வாணாம் தோழரே. ஞாயித்துக்கிழமை குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "கூட்டத்துல சொன்னா கேட் வரைக்கும் போவும். கேட் வரைக்கும் போனா செகரட்ரி வரைக்கும் போவும். அப்பால எவ பதிலுக்குப் போனாலும் குண்டானத் தூக்கிப் பாப்பாங்க. அடுத்தவாட்டி எவளுக்குனா செவப்பு காட்டுச்சின்னா இன்னா பண்ணுவீங்க? கம்முனு இருங்க."

உன் பெயரைச் சுத்தம் செய்தால் எல்லாருடைய வழியும் அடைபடும். அதனால் உன் பெயர் அப்படியே கிடக்கட்டும் என்றாய். தோழர் எழுந்து நின்றார். உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. உனக்கு எரிச்சல் வந்தது.

நீ அசோக் நகரில் வீடு பிடித்தாய். விடியலில் பஸ் ஏறினால் வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்புவாய். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று இரண்டு கையையும் விரித்து என் முன் நீட்டினாய். சோப்பில் வெளுத்து, விரல் நுனி வெடித்த கை. "இந்தக் கையப் பாத்து கலீஜுன்னு சொல்ட்டாங்கடி" என்றாய். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாய். உன் குப்பத்து வீட்டுப் பரணில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். விளக்கைப் போட்டால் அந்தப் பரண் கண்ணைக் கூசவைக்கும். கருங்காலி என்று சொன்னதை நீ துடைத்துப் போட்டுவிட்டாய். கலீஜ் என்றதைத்தான் உன்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சங்கத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா, எந்தக் கறை போகாத கறை, எது போகவிடாத கறை என்று. கலா ஒருநாள் உன் வாசலில் வந்து ஒரு கூறு நெத்திலியை வைத்துவிட்டுப் போனாள். நாலாவது மாடி வீட்டுக்கு அவளைக் கேட்டபோது, 'உன்கிட்ட கேக்காம போ மாட்டேன்' என்று உன்னிடம்தான் வந்து நின்றாள். "போ, போ. அந்தம்மாவுக்குப் பால் பாத்திரம்தான் உசுரு. பாத்துத் தேய்" என்று நீயே அனுப்பிவைத்தாய்.

மஞ்சள்காமாலை என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன்னை எடுத்த அன்று வசந்தா தோழர் பையில் சங்கக் கொடியை மடித்துக்கொண்டு வந்திருந்தார். போர்த்தலாமா என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டார். "அவ மெம்பர் இல்லியேம்மா" என்றார் அவர். தோழர் கொடியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அது வேலை நாள். ஆனாலும் ஃப்ளாட்ஸில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் உன் வாசலில் இருந்தோம். ஒருத்தி வயிற்றுவலி என்றாள், ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், நான் பல்வலி என்றேன். அந்த ஃப்ளாட்ஸில் அன்றைக்குப் பதிலுக்குக்கூட ஓர் ஆள் போகவில்லை. ஏன் என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

நாலாவது மாடி அம்மா பால் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். வளையம் தெரிந்தது. முகம் லேசாகச் சுருங்கியது. "கலா எப்ப வருவா?" என்றார். மனசுக்குள் உனக்கு ஒரு சலாம் போட்டேன். "பத்து நாள்ல வந்துருவா மேடம்" என்றேன்.

அவர் போகாமல் அங்கேயே நின்றார். "கலாவுக்கு முன்னாடி இங்க ஒருத்தி இருந்தா. உங்க குப்பம்தான். எங்க வீட்ல நல்லாத்தான் தேய்ச்சா, பொய் சொல்லக் கூடாது. இந்தப் பாத்திரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனா குரூப்ல எல்லாரும் மோசம் மோசம்னாங்க. நானும் நிறுத்திட்டேன். அவ இப்ப எங்க இருக்கா, தெரியுமா?"

கையில் நார் இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார், கேட்டாயா? உன் ஃப்ளாட்ஸில், உன் அடுப்படியில், ஒருத்தர் வாயால் அது வந்துவிட்டது. உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை போதும். நீ போய்விட்டாய் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அம்மா 'அடடா' என்றிருப்பார், இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் செத்தவளைத் திட்ட முடியாது. யாரும் பொறுக்க மாட்டார்கள். நான் உன்னைத் திட்டாமல் நின்றிருந்தால், நன்றாகத் தேய்க்கிறவள் பதிலுக்குப் போன வீட்டில் மட்டும் ஏன் கறை விட்டாள் என்று யோசித்து, அவர் அந்த வளையத்தை இன்னொரு முறை பார்த்திருப்பார். கலா வீட்டைக் கலாவுக்குத் திருப்பித் தர வேண்டும்.

"தெரியாம இன்னா மேடம்," என்றேன். "அசோக் நகர்ல எங்கயோ வேலை செய்யறா. சரியான கலீஜு. வேலையும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. நல்லகாலம் நிறுத்திட்டீங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் குழாயைத் திறந்தேன்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினேனா என்று தெரியவில்லை. குரல் கொஞ்சம் பிசகியிருக்கும். அதைச் சரிசெய்துகொள்கிறேன். நாளைக்கும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மறுபடி கேட்டால் மறுபடி திட்டுவேன். நாலாவது மாடியில் நீ இன்னும் அசோக் நகருக்குப் பஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாய்.